கச்சான் காற்றில் ஆடாத கப்பல்

போன ஆடியில் மச்சான் ஊருக்கு வந்திருந்தான். அத்தை மகன், ஒரு பெரிய சொகுசுக் கப்பலின் சமையல்கட்டில் வேலை, எட்டு மாத ஒப்பந்தம் முடிந்து வந்தவன். பாம்பன் தெற்குவாடியில் வலை சரிபார்த்துக்கொண்டிருந்த பெரியப்பா அவனைப் பார்த்ததும் கேட்டது ஒரே கேள்விதான்: "அந்தப் பக்கம் இப்ப என்னப்பா காத்து அடிக்குது?" மச்சான் முழித்தான். "தெரியல மாமா." எட்டு மாதம் கடலிலேயே கிடந்தவனுக்கு, அடிப்பது கச்சானா (மேற்கிலிருந்து வரும் காற்று) வேறு காற்றா என்று தெரியவில்லை என்பதைப் பெரியப்பா இன்னும் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருக்கிறார். எனக்கென்னவோ அதில் மச்சானின் தப்பு எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. ஏறியவர்களுக்குக் கடல் தெரியாமல் இருக்க வேண்டும் என்றுதான் அந்தக் கப்பலையே கட்டுகிறார்கள். டிக்கெட் காசில் ஒரு பகுதி அதற்குத்தான் போகிறது. அது எப்படி நடக்கிறது, அதன் செலவு யார் தலையில் விழுகிறது என்று கொஞ்சம் தோண்டிப் பார்த்தேன்.

முதலில் பெரியப்பாவின் அடுத்த கேள்வி. மச்சானின் போனில் படத்தைப் பார்த்துவிட்டு, "இத்தனை மாடி வச்சா கவுந்துராதா?" என்றார். நியாயமான சந்தேகம். 2024ல் ஓடத் தொடங்கிய ஐகான் ஆஃப் தி சீஸ் கப்பலில் 20 தளங்கள். நீளம் 365 மீட்டர், அதிகபட்சம் 7,600 பயணிகள், அதற்கு மேல் 2,350 ஊழியர்கள். ஆனால் தண்ணீருக்குள் மூழ்கியிருப்பது ஒன்பது மீட்டர் சொச்சம்தான். கவிழாததற்குக் காரணம் எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது. இன்ஜின்கள், எண்ணெய்த் தொட்டி, தண்ணீர்த் தொட்டி எல்லாம் அடியில். மேலே போகப் போக மெல்லிய தகடும் அலுமினியமும், பெரும்பாலும் வெறும் காற்று. அகலம் சுமார் 48 மீட்டர். கப்பல் ஒரு பக்கம் சாயும்போது அந்தப் பக்கம் கூடுதலாகத் தண்ணீருக்குள் இறங்குகிறது, தண்ணீர் அதை மேலே தள்ளுகிறது, அந்தத் தள்ளலே கப்பலை நிமிர்த்தியும் விடுகிறது. (இந்தக் கப்பலை 2,48,663 டன் என்று எழுதுவார்கள். அது எடை இல்லை, உள்ளே இருக்கும் இடத்தின் அளவு. தொலைக்காட்சியிலேயே இதைத் தப்பாகச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.)

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. எடையை ரொம்பவும் கீழே வைத்து, கவிழவே கவிழாத மாதிரி கட்டினால், கப்பல் சாய்ந்த வேகத்தில் வெடுக்கென்று நிமிரும். பாதுகாப்புக்கு நல்லதுதான், ஆனால் மேசையில் இருக்கும் தட்டு பறக்கும், நடக்கிறவர் விழுவார். அதனால் சொகுசுக் கப்பலை வேண்டுமென்றே கொஞ்சம் மந்தமாக நிமிரும்படி வடிவமைக்கிறார்கள். ஒரு பக்கம் சாய்ந்து மறுபக்கம் போய்த் திரும்பி வர பத்து, இருபது வினாடி ஆகலாம். வத்தை, வள்ளம் என்ற நம் சிறு படகுகள் சில வினாடிகளில் அதைச் செய்துவிடும்.

குமட்டல் வருவதும் இந்த நேரக் கணக்கில்தான். காதுக்குள் திரவம் நிறைந்த மூன்று வளையக் குழாய்களும், பக்கத்திலேயே சின்னச் சுண்ணாம்புத் துகள்கள் உட்கார்ந்திருக்கும் இரண்டு பைகளும் இருக்கின்றன. உடம்பு திரும்புவதையும் ஏறி இறங்குவதையும் மூளைக்குச் சொல்வது அவைதான். அறைக்குள் இருக்கும்போது கண், "எல்லாம் அப்படியே நிற்கிறது" என்கிறது, காது, "ஆடுகிறோம்" என்கிறது. இரண்டும் ஒத்துப்போகாதபோது மூளை குழம்பி வயிற்றைப் பிடிக்கிறது. சோதித்துப் பார்த்ததில், ஐந்தாறு வினாடிக்கு ஒருமுறை மேலே போய்க் கீழே வரும் ஆட்டம்தான் ஆளை அதிகமாகப் படுத்துகிறது. அதைவிட ரொம்ப வேகமாக ஆடினாலும் ரொம்ப மெதுவாக ஆடினாலும் தொல்லை குறைவு. படகில் புதிதாக ஏறுகிறவனிடம் "கரையைப் பார்டா, உள்ள குனியாத" என்று பெரியப்பா சொல்வதும் இதே கணக்கு: கண்ணுக்கும் ஆட்டத்தைக் காட்டிவிட்டால் சண்டை தீர்ந்தது.

மிச்சம் இருக்கும் ஆட்டத்தை அடக்கத் தண்ணீருக்கடியில் இரு பக்கமும் துடுப்பு போன்ற இறக்கைகள் இருக்கின்றன. விமான இறக்கை காற்றில் செய்வதை இவை தண்ணீரில் செய்கின்றன. கப்பல் இடப்பக்கம் சாயத் தொடங்கியதும் கருவி உணர்ந்து, இடப்பக்க இறக்கையை மேலே தள்ளும்படியும் வலப்பக்க இறக்கையைக் கீழே அழுத்தும்படியும் திருப்பிவிடும். ஓடும் கப்பலில் இது பிரமாதமாக வேலை செய்யும். நின்றால் அவ்வளவுதான், தண்ணீர் ஓட்டம் இல்லாத இறக்கை வெறும் பலகை. பக்கவாட்டு ஆட்டத்தைத்தான் இது அடக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அணியம் (முன்பகுதி) தூக்கி அமரம் (பின்பகுதி) இறங்கும் ஆட்டத்தை அடக்க இதால் ஆகாது. ஏற்றப்பலகை (சீசா) விளையாட்டில் நடுவில் உட்கார்ந்தவன் ஆடமாட்டான் இல்லையா, அதே மாதிரி கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த் தளத்தில் இருக்கும் ஜன்னல் இல்லாத அறைதான் குறைவாக ஆடும். அதுதான் மலிவான அறையும்கூட. உச்சித் தளத்தில் பால்கனி வைத்த அறைக்குப் பல மடங்கு காசு கொடுத்து, கூடுதல் ஆட்டத்தையும் சேர்த்து வாங்குகிறார்கள்.

சரி, இத்தனை பேருக்கும் தண்ணீர்? எங்கள் ராமநாதபுரம் மாவட்டத்துக்கு ஒரு பேர் உண்டு, தண்ணியில்லாக் காடு. பிடிக்காத அதிகாரியை மாற்றிவிடும் இடம் என்று கிண்டல் செய்வார்கள். அதனால் கப்பலில் குழாயைத் திறந்தால் நாள் முழுக்கத் தண்ணீர் வரும் என்று மச்சான் சொன்னதைத்தான் வீட்டுப் பெண்கள் அதிகம் விசாரித்தார்கள். இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, எங்கள் மாவட்டத்து நரிப்பையூர் ஆலையில் நமக்கே தெரிந்த வழி: கடல்நீரை மெல்லிய சவ்வு வழியாக அழுத்தித் தள்ளி உப்பைப் பிரிப்பது. இன்னொன்று கொஞ்சம் கெட்டிக்காரத்தனமானது. எண்ணெயை எரித்து வரும் சக்தியில் ஏறக்குறைய பாதி, இன்ஜின் சூடாகவே வீணாகிறது. அந்தச் சூட்டைக் கடல்நீர்த் தொட்டிக்குக் கொண்டுபோய், தொட்டிக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி அழுத்தத்தைக் குறைத்தால், தண்ணீர் 100 டிகிரிக்குக் காத்திருக்காமல் 60 டிகிரிக்கும் கீழேயே கொதித்து ஆவியாகிவிடும். ஆவியைக் குளிர்வித்தால் நல்ல தண்ணீர். கழிவறையில் தண்ணீருக்குப் பதிலாகக் காற்றுதான் உறிஞ்சுகிறது, ஒரு தடவைக்கு ஒன்றிரண்டு லிட்டர் போதும்.

மின்சாரம்தான் உண்மையான பூதம். இன்றைய பெரிய கப்பல்களில் இன்ஜின் நேராகக் கப்பலைத் தள்ளும் சுழல்விசிறியைச் சுற்றுவதில்லை. அது மின்சாரம் தயாரிக்கிறது, அந்த மின்சாரம் மோட்டாரையும் ஏசியையும் அடுப்பையும் நீச்சல்குளத்தையும் ஓட்டுகிறது. ஐகான் கப்பலின் ஆறு இன்ஜின்களையும் முழுதாக ஓட்டினால் 67.5 மெகாவாட். கமுதியில் 2,500 ஏக்கரில் கண்ணாடிக் காடு மாதிரி விரிந்து கிடக்கிறதே சூரியமின் நிலையம், அதன் திறன் 648 மெகாவாட். அதில் பத்தில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் மேலே ஒரே கப்பலுக்குள். கப்பலில் இருக்கும் பத்தாயிரம் பேருக்கு வகுத்தால் ஆளுக்கு ஆறேமுக்கால் கிலோவாட், அதாவது தலைக்கு நாலு ஏசி ஓடுகிற அளவு.

இதில் வேகம் போடும் கணக்கு தனி. கப்பலின் வேகத்தை இரட்டிப்பாக்க வேண்டுமானால் சக்தி எட்டு மடங்கு வேண்டும், ஏனென்றால் தேவைப்படும் சக்தி ஏறக்குறைய வேகத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடுகிறது. சுற்றுலாக் கப்பல்கள் பகலில் ஏதாவது துறைமுகத்தில் கிடந்துவிட்டு ராத்திரி முழுக்க ஆடி அசைந்து போவதற்கு இதுவும் ஒரு காரணம். இருந்தாலும் கூடவே ஒரு ஹோட்டலையும் நாடக அரங்கையும் நீச்சல்குளங்களையும் இழுத்துக்கொண்டு போகும் பயணம் ஆளுக்கு எவ்வளவு எண்ணெய் குடிக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. எண்ணெயில் கந்தகம் 3.5 சதவீதம் வரை இருக்கலாம் என்று இருந்ததை 2020லிருந்து 0.5 ஆகக் குறைத்தார்கள். உடனே பல கப்பல்கள் பழைய எண்ணெயையே எரித்துக்கொண்டு, புகையைக் கடல்நீரால் கழுவும் கருவியை மாட்டிக்கொண்டன. கழுவிய நீரைப் பெரும்பாலும் மறுபடி கடலில்தான் விடுகிறார்கள். வானத்துக்குப் போகவேண்டியதைத் தண்ணீருக்கு மாற்றிய கதை.

கழிவும் அப்படித்தான். உலக விதிப்படி, சுத்திகரிக்காத கழிவறைக் கழிவைக் கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு, அதாவது 22 கிலோமீட்டருக்கு அப்பால், கப்பல் ஓடிக்கொண்டிருக்கும்போது மெதுவாக விடலாம். நல்ல கப்பல்கள் அதைவிட ஒழுங்காகச் சுத்திகரிக்கின்றன, அதையும் சொல்ல வேண்டும். ஆனால் குளித்த, துவைத்த, பாத்திரம் கழுவிய தண்ணீருக்கு அந்த உலக விதியில் கட்டுப்பாடே கிடையாது. சில நாடுகள் தங்கள் கரையோரத்துக்குத் தனியாகப் போட்டிருப்பதுதான்.

நோய் பற்றி ஒரு வார்த்தை. நோரோ என்ற வயிற்றுப்போக்கு வைரஸ் தொற்ற மிகச் சில துகள்களே போதும், கைக்குத் தடவும் ஆல்கஹாலுக்கு அது அவ்வளவாகப் பயப்படாது, சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினால்தான் போகும். ஒரே சாப்பாட்டுக் கரண்டியை ஆயிரம் கை தொடும் இடத்தில் யோசித்துக்கொள்ளுங்கள். 2020 பிப்ரவரியில் யோகோகாமாவில் நிறுத்தப்பட்ட டயமண்ட் பிரின்சஸ் கப்பலில் இருந்த 3,711 பேரில் 712 பேருக்குக் கொரோனா வந்தது.

காசு விஷயத்தில் மச்சான் சொன்னது எனக்குப் புதிது. "டிக்கெட் விலையைப் பார்த்து மலிவுன்னு நினைக்காத, ஏறினதுக்கு அப்புறம்தான் பில்லே ஆரம்பிக்கும்." பெரிய நிறுவனங்களின் வருமானத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு டிக்கெட்டுக்கு வெளியிலிருந்து வருகிறது: மது, இணையம், சூதாட்டம், கரையில் சுற்றிக்காட்டும் பேருந்து. கப்பலைப் பஹாமாஸிலோ பனாமாவிலோ பதிவு செய்துவிட்டால் அந்த நாட்டு வரி, அந்த நாட்டுத் தொழிலாளர் சட்டம். உலகப் பொது விதிப்படி ஊழியருக்கு நாளைக்குக் குறைந்தது பத்து மணி நேர ஓய்வு வேண்டும். திருப்பிப் படித்தால் பதினாலு மணி நேரம் வேலை வாங்கலாம் என்று அர்த்தம். மச்சானின் அறை நீர்மட்டத்துக்குக் கீழே. ஜன்னல் கிடையாது. சமையல்கட்டிலும் கிடையாது. காற்று எப்படித் தெரியும்?

ஊரில் சிலர், "நம்ம ராமேஸ்வரத்துக்கும் இந்த மாதிரி கப்பல் வந்தா எப்படி இருக்கும்" என்கிறார்கள். வரமுடியாது என்பதுதான் முதல் பதில். பெண்கடல் என்று நாங்கள் சொல்லும் பாக் விரிகுடாவில் பெரும்பாலான இடங்களில் ஆழமே 10 மீட்டரைச் சுற்றித்தான். தனுஷ்கோடிக்கு அப்பால் மணல்திட்டுகளில் இடுப்பளவு தண்ணீரில் நிற்கலாம். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் ரயில் பாலத்தின் நடுப்பகுதி 17 மீட்டர் உயரும். பக்கத்துச் சாலைப் பாலமோ தூக்கவே தூக்காது. 20 மாடிக் கப்பல் அதன் அடியில் போவது நடக்காத காரியம். ஆழம் மட்டுமட்டாக இருந்தாலும் ஆபத்து: ஓடும் கப்பலுக்கும் தரைக்கும் நடுவே தண்ணீர் நெருக்கிக்கொண்டு வேகமாகப் பாயும், அப்போது அழுத்தம் குறையும், கப்பல் இன்னும் கீழே இறங்கும். 1992 ஆகஸ்டில் அமெரிக்கக் கரையோரம் குயின் எலிசபெத் 2 என்ற பயணக் கப்பல் பாறையில் உரசியதற்கு இந்த இறக்கமும் ஒரு காரணம்.

ஆண்கடல் பக்கம், மன்னார் வளைகுடாவில் தள்ளி நிறுத்திவிட்டுச் சிறு படகில் ஆளைக் கொண்டுவரலாமே என்றால், மண்டபத்திலிருந்து தூத்துக்குடி வரை வரிசையாக 21 தீவுகள், 1986லிருந்து தேசியப் பூங்கா. அந்தப் பக்கம் பவளப்பாறை. இந்தப் பக்கம் பாக் விரிகுடாவில் கடற்புல் படுகை, அதை மேயும் ஆவுளியாவுக்காக (கடற்பசு) 2022ல் 448 சதுர கிலோமீட்டர் ஒதுக்கினார்கள். நங்கூரச் சங்கிலி காற்றுக்கேற்ப தரையில் அரைவட்டம் போட்டு உழும். சுழல்விசிறி கிளப்பும் சேறு வெளிச்சத்தை மறைக்கும். வெளிச்சம் இல்லாவிட்டால் புல் சாகும். இங்கே வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, நாலு நாள் நாட்டுப்படகு என்று கடலையே நாள் கணக்கில் பங்குபோட்டுப் பிழைக்கிறோம். கப்பலுக்கு எந்த நாளை ஒதுக்குவது?

கூட்டம் நமக்குப் புதிதில்லை. ஆடி அமாவாசையும் தை அமாவாசையும் பார்த்த ஊர். ஆனால் அந்தக் கூட்டம் ரூம் போடும், இட்லி சாப்பிடும், ஆட்டோ பிடிக்கும். கப்பல்காரர் மூன்று வேளைச் சாப்பாட்டுக்கும் முன்பே காசு கட்டியவர், மத்தியானம் பசித்தால் கப்பலுக்குத்தான் திரும்புவார். வெனிஸ் 2021 ஆகஸ்டிலிருந்து 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்களை நகர நடுவே விடுவதில்லை. அலாஸ்காவின் ஜூனோ நாளைக்கு ஐந்து பெரிய கப்பல் போதும் என்று கணக்கு வைத்துவிட்டது.

போகவே கூடாது என்றெல்லாம் நான் சொல்லவில்லை. முட்டிவலி இருக்கிற அம்மாவை, பெட்டி தூக்காமல், ஒரே கட்டிலில் படுக்கவைத்து நாலு ஊர் காட்ட இதைவிட எளிதான வழி இல்லை. சென்னையிலிருந்து 2023ல் அம்பாந்தோட்டை, திருகோணமலை என்று இலங்கைக்குக் கப்பல் போனபோது எனக்கே ஆசை வந்தது. போனால் கீழ்த்தளம், நடு அறை; மது கணக்கைத் தினமும் பாருங்கள்; கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

ஆனால் எங்கள் கடலுக்குப் பொருந்திய கப்பல் ஏற்கெனவே ஒன்று ஓடியிருக்கிறது. 1914ல் பாம்பன் பாலம் திறந்தபின், சென்னையில் போட் மெயில் ரயில் ஏறினால் தனுஷ்கோடியில் இறங்கி, நீராவிக் கப்பலில் தலைமன்னார் போய், அங்கே ரயில் பிடித்துக் கொழும்பு, எல்லாம் ஒரே டிக்கெட்டில். அதிகம் ஆழம் கேட்காத சின்னக் கப்பல், ஆளைக் கொண்டுபோய் விடுவது மட்டும்தான் வேலை. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி போனபிறகு ராமேஸ்வரத்திலிருந்து ராமானுஜம் கப்பல் ஓடியது, 80களில் அதுவும் நின்றது. பெரியப்பா சின்ன வயதில் அதில் போயிருக்கிறார். "போற வழியெல்லாம் வாந்தி" என்பார். "அப்ப என்ன காத்து பெரியப்பா?" என்று கேட்டேன்.

"கச்சான்" என்றார், யோசிக்காமல்.