வழியுரிமை: ‘ரைட் ஆஃப் வே’ என்ற சொல்லின் பொருளும் தமிழும்

ஒருவருக்குச் சொந்தமான நிலத்தின் ஊடே செல்லும் பாதையில் மற்றவர் போய்வருவதற்குச் சட்டம் தரும் உரிமையே ‘ரைட் ஆஃப் வே’. தமிழில் இதற்கு வழியுரிமை என்பதே பொருத்தமான சொல். நிலம் உடையவரிடமே இருக்கும். அவர் அதை உழலாம், விற்கலாம், பிள்ளைகளுக்கு எழுதி வைக்கலாம். பாதையை மட்டும் அடைக்க முடியாது. இதை ‘செல்ல அனுமதி’ என்று எழுதினால் பொருளே கெட்டுவிடும். கொடுத்த அனுமதியை நாளைக்கே திரும்பப் பெறலாம், உரிமையை அப்படிப் பெற முடியாது. உடையவர் மனமுவந்து திறந்துவிட்ட ‘பெர்மிசிவ் பாத்’ என்ற வகையும் இங்கிலாந்தில் தனியாக இருக்கிறது. அனுமதிப் பாதை என்ற பெயரை அதற்கு ஒதுக்கிவிடலாம்.

ஆங்கிலச் சொல்லுக்கு வேறு பொருள்களும் உண்டு. சாலைச் சந்திப்பில் யார் முதலில் போவது என்ற கேள்வியிலும் அது வரும்; அங்கே முன்னுரிமை என்று எழுத வேண்டும். ரயில் பாதைக்கும் மின்கம்பித் தடத்துக்கும் ஒதுக்கிய நிலத்துண்டையும் அது குறிக்கும்.

உரிமை, முன்னுரிமை என்ற இரண்டு பொருளும் ஒரே இடத்தில் சேர்வது இங்கிலாந்து, வேல்ஸ் நாட்டுப்புறச் சைக்கிள் பயணத்தில்தான். அங்கே ‘ஃபுட்பாத்’ நடப்பவர்களுக்கு மட்டுமே உரியது. நடைபாதை என்றால் நமக்கு நகரச் சாலையோரம்தான் நினைவுக்கு வரும் என்பதால், வயல்வெளிப் பாதையை ஒற்றையடிப் பாதை என்பதே நல்லது. ‘பிரைடில்வே’ என்பதில் ‘பிரைடில்’ கடிவாளத்தைக் குறிக்கும். ஆகவே அது குதிரைப்பாதை. 1968ஆம் ஆண்டின் நாட்டுப்புறச் சட்டத்தின் 30ஆவது பிரிவு, குதிரைப்பாதையில் சைக்கிள் ஓட்டும் உரிமையைத் தந்தது. நடப்பவருக்கும் குதிரையில் வருபவருக்கும் சைக்கிள்காரர் வழிவிட வேண்டும் என்று அதே பிரிவு கட்டளையும் இடுகிறது. வழியுரிமை அவருக்கு உண்டு, முன்னுரிமை இல்லை. ஒரே ஆங்கிலச் சொல்லுக்குள் கிடக்கும் இந்த வேறுபாட்டைத் தமிழ் எளிதாகப் பிரித்துக் காட்டுகிறது.

பாதையைச் சைக்கிளுக்கு ஏற்றதாக்கித் தரும் கடமை நெடுஞ்சாலை நிர்வாகத்துக்கு இல்லை என்பதும் அந்தப் பிரிவிலேயே இருக்கிறது. எனவே ‘சேறாக இருக்கிறது, சைக்கிள் ஓட்ட முடியவில்லை’ என்ற புகார் எடுபடாது. பூட்டிய கதவைப் பற்றிய புகார் எடுபடும். பொதுவழியை மறிப்பது 1980ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைகள் சட்டப்படி குற்றம். பொதுமக்களின் வழியுரிமையைக் காப்பதும் அச்சட்டம் நிர்வாகத்தின் மீது சுமத்திய கடமைதான்.

மறிப்பு என்றாலே முள்கம்பியும் பூட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். வயலின் நடுவே போகும் குதிரைப்பாதையை உழுதால், விதைப்புக்கான முதல் உழவுக்குப் பின் 14 நாட்களுக்குள் மீண்டும் பாதையாக்கித் தர வேண்டும். அகலம் குறைந்தது 2 மீட்டர் இருக்க வேண்டும். வரப்போரப் பாதை என்றால் 3 மீட்டர். அதை உழவே கூடாது. பாதையின் மேல் ஆளுயரச் சோளம் வளர்ந்து நின்றாலும் மறிப்புதான். உரிமை உள்ள வழியில் ‘தனியார் இடம், நுழையாதே’ என்ற பொய்ப் பலகையை வைப்பதற்கு 1949ஆம் ஆண்டின் தேசியப் பூங்காக்கள், நாட்டுப்புற அணுகல் சட்டத்திலேயே தண்டனை உண்டு. எனக்கு இந்தப் பலகைதான் எல்லாவற்றிலும் கொடியதாகப் படுகிறது. பூட்டைப் பார்ப்பவர் புகார் கொடுப்பார். பலகையைப் பார்ப்பவர் தன்மேல்தான் தவறு என்று திரும்பிப் போய்விடுவார்.

பொதுவழியை மறிப்பதற்கு ‘அப்ஸ்ட்ரக்‌ஷன்’ என்ற சொல்லைச் சட்டம் ஆள்கிறது. தடை என்றால் அரசு விதித்த தடையோ என்ற ஐயம் வரும். வழிமறிப்பு என்பதில் அந்தக் குழப்பம் இல்லை.

வழியுரிமை புதிதாக ஆக்கிய சொல்லோ என்று ஐயப்படுபவர்கள் பழைய கிரையப் பத்திரங்களைப் புரட்டிப் பார்க்கலாம். ‘ஆட்கள், வண்டி வாகனங்கள் போக வர உள்ள மாமூல் தடப் பாத்தியம்’ என்ற தொடர் தமிழ்நாட்டுப் பத்திரங்களில் பழகிப்போன ஒன்று. தடம் என்பது வழி, பாத்தியம் என்பது உரிமை. மாமூல் அரபியிலிருந்து வந்த சொல். வழக்கமாக நடந்துவருவது என்பது அதன் பொருள். லஞ்சம் என்ற பொருள் பின்னால் ஒட்டிக்கொண்டது. இந்த ‘மாமூல்’ சட்டத்தின் சாரத்தையே சொல்லிவிடுகிறது. 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் (ஈஸ்மென்ட்ஸ்) சட்டப்படி, ஒரு வழியை 20 ஆண்டுகள் வெளிப்படையாக, அமைதியாக, இடையறாமல், உரிமையோடு பயன்படுத்தினால் அந்த உரிமை நிலைபெறும். இங்கிலாந்திலும் 20 ஆண்டுக் கணக்கு இருக்கிறது. அங்கே அது ஊராரின் பயன்பாட்டால் பொதுவழியையே உருவாக்கும். நம் பத்திரத்தின் பாத்தியமோ குறிப்பிட்ட நிலத்தோடு ஒட்டியது, அந்த நிலத்துக்காரருக்கு மட்டும் உரியது. ஆகவே ஆங்கிலேயப் பாதைகளைப் பற்றி எழுதுபவர் பொது வழியுரிமை என்றும், பத்திரத்தைப் பற்றி எழுதுபவர் தடப் பாத்தியம் என்றும் வேறுபடுத்தி எழுத வேண்டும்.

ஸ்காட்லாந்துக்கு இந்த இரண்டும் போதாது. அங்கே 2003ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம், குறித்த பாதைக்கு மட்டுமன்றிப் பெரும்பாலான நிலத்துக்கே பொறுப்போடு நுழையும் உரிமையைச் சைக்கிள்காரருக்கும் தந்திருக்கிறது. வீட்டு முற்றமும் பயிர் நிற்கும் வயலும் அதில் சேரா. அதை உலவுரிமை எனலாம்.