மிச்சம் வைத்த ஆன்டிபயாடிக் உங்களுக்கு வேண்டாம்

"போன தடவை இதே மாத்திரையிலதான் சரியாச்சு. பாதி மிச்சம் இருந்துச்சு, அதையே போட்டுக்கிட்டேன்."

மருந்தாளுநராக வேலை பார்க்கும் எனக்கு இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. அண்மையில் ஒரு பெண்மணி வந்தார். கையில் ஓரம் கிழிந்த ஒரு ஸ்ட்ரிப். காலாவதித் தேதி இருந்த பக்கம் போயே போய்விட்டது, பெயர் மட்டும் மிச்சம்: நைட்ரோஃபுரான்டாயின். அக்காவுக்கு யூரின் இன்ஃபெக்‌ஷன் வந்தபோது வாங்கியதாம். இவருக்கும் நீர்க்கடுப்பு வந்ததும் அக்கா எடுத்துக் கொடுத்திருக்கிறார். "இன்னும் பத்து கொடுங்க" என்றார். பேசும்போதே உடம்பு நடுங்கியது. விலாவுக்குக் கீழே, முதுகுப் பக்கம் கையை வைத்து அழுத்திக்கொண்டே நின்றார். முதல் நாள் இரவிலிருந்தே குளிர்காய்ச்சலாம். மாத்திரையைக் கொடுக்க மறுத்து, உடனே மருத்துவரிடம் போகச் சொன்னேன். சிறுநீரகம் வரை தொற்று ஏறியிருந்தது. மருத்துவமனையில் சேர்த்து ஊசி வழியாக மருந்து ஏற்ற வேண்டியதாயிற்று.

அக்கா கொடுத்தது கெட்ட மருந்து இல்லை. சிறுநீர்ப்பைத் தொற்றுக்கு முதலில் எழுதப்படும் நல்ல மருந்துகளில் அதுவும் ஒன்று. ஆனால் அது வேலை செய்வது சிறுநீரில். சிறுநீரகத் திசுக்களுக்குள் போதிய அளவு அது சேர்வதில்லை. காய்ச்சல், குளிர் நடுக்கம், விலாப்புற வலி, வாந்தி என்று வந்துவிட்டால் இந்த மாத்திரையை எத்தனை போட்டாலும் பிரயோஜனம் இல்லை. அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடும் விஷயம் அல்ல இது.

சரி, அந்த மிச்சம் எப்படி வந்தது? மூன்றாம் நாள் எரிச்சல் நின்றிருக்கும், அதோடு மாத்திரையையும் நிறுத்தியிருப்பார்கள். 'எரிச்சல் போனால் கிருமியும் போய்விட்டது' என்ற இந்த நம்பிக்கையைத்தான் என்னால் பொறுக்க முடிவதில்லை. மருந்து ஆரம்பித்து ஒன்றிரண்டு நாளிலேயே எரிச்சல் குறைந்துவிடும். கிருமிகளின் எண்ணிக்கை சரிந்ததும் சிறுநீர்ப்பைச் சுவரின் வீக்கம் தணிகிறது, அவ்வளவுதான். எண்ணிக்கை குறைந்தது என்றால் எல்லாம் ஒழிந்தது என்று பொருள் இல்லை. உடம்பு தேறியதை வைத்து நாள் கணக்கை நாமாகக் குறைக்க முடியாது. அதே போல, 'எதற்கும் இன்னும் நாலு நாள் போடுவோம்' என்று நீட்டிக்கவும் கூடாது. நீட்டித்தால் பக்கவிளைவும், மருந்துக்கு மசியாத கிருமிகளும்தான் கூடும். நைட்ரோஃபுரான்டாயின் பெண்களின் சாதாரண சிறுநீர்ப்பைத் தொற்றுக்குப் பெரும்பாலும் 5 நாள். ஆண்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பொதுவாக 7 நாள். இதே தொற்றுக்குக் கொடுக்கும் இன்னொரு மருந்தான ஃபாஸ்ஃபோமைசின் என்றால் 3 கிராம் பொடி, ஒரே வேளையோடு முடிந்தது. உங்களுக்கு எத்தனை நாள் என்று சீட்டில் எழுதியிருக்கிறது. அந்தக் கணக்குப்படி போட்டால் மிச்சம் என்று ஒன்று இருக்கவே இருக்காது.

இன்னொரு சிக்கலும் உண்டு. வீட்டில் கிடந்த இரண்டு மாத்திரையைப் போட்டுவிட்டு அப்புறம் யூரின் கல்ச்சருக்கு, அதாவது சிறுநீரில் என்ன கிருமி வளர்கிறது என்று பார்க்கும் பரிசோதனைக்குக் கொடுக்கிறார்கள். கிருமி இருந்தும் ரிப்போர்ட்டில் 'வளரவில்லை' என்று வந்துவிடலாம். அதை வைத்துக்கொண்டு மருத்துவர் என்ன செய்வார்? கல்ச்சர் எழுதியிருந்தால், முதலில் சிறுநீரைக் கொடுங்கள், பிறகு முதல் மாத்திரை. ஆரம்பத்தில் வருவதை விட்டுவிட்டு, நடுவில் வருவதைப் பிடித்துக் கொடுங்கள்.

நைட்ரோஃபுரான்டாயினைச் சாப்பாட்டோடு போட வேண்டும். குமட்டல் குறையும், மருந்தும் நன்றாக உடம்பில் சேரும். சிறுநீர் அடர்மஞ்சளாகவோ பழுப்பாகவோ போனால் பயப்படாதீர்கள், மருந்தின் நிறம் அது. அதைப் பார்த்துப் பயந்து நிறுத்தியவர்களும் உண்டு. மக்னீசியம் ட்ரைசிலிகேட் கலந்த அசிடிட்டி மருந்து வேண்டாம், இது உடம்பில் சேர்வதைத் தடுத்துவிடும். எரிச்சலுக்கென்று பலர் தாங்களாகவே கேட்டு வாங்கும் சிட்ரேட் சிரப் இருக்கிறதே, அது சிறுநீரின் அமிலத்தன்மையைக் குறைக்கும். நைட்ரோஃபுரான்டாயினுக்கோ அமிலத்தன்மை இருந்தால்தான் முழு வலு. இரண்டும் ஒரே சீட்டில் வந்தால் நான் மருத்துவரைக் கூப்பிட்டுக் கேட்டுவிடுவேன். நீங்களாக வாங்கிச் சேர்த்தால் யார் கேட்பார்கள்?

சிறுநீரகச் செயல்பாடு குறைந்தவர்கள், ஜி6பிடி (ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி) குறைபாடு உள்ளவர்கள், பிரசவத்தை நெருங்கிய கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள் இதையெல்லாம் மாத்திரை வாங்கும் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். சிறுநீரகம் போதிய அளவு வடிகட்டவில்லை என்றால் மருந்து சிறுநீரில் சேராது, வேலையும் செய்யாது, பக்கவிளைவு மட்டும் மிஞ்சும். மருந்து போடும்போது புதிதாக இருமல், மூச்சிரைப்பு, கைகால் மதமதப்பு, கண் மஞ்சளாவது இவற்றில் எது வந்தாலும் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். முகமோ உதடோ வீங்கினால் நேரே அவசரப் பிரிவுக்கு.

சிப்ரோஃப்ளாக்சசின் என்ற வேறு ஆன்டிபயாடிக் எழுதியிருந்தால் கணக்கே வேறு. பால், கால்சியம், இரும்புச்சத்து மாத்திரை எதையும் அதோடு சேர்த்துப் போடக்கூடாது. குதிகாலுக்கு மேலே தசைநாணில் வலி வந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அக்காவின் மாத்திரையை வாங்கிப் போடுகிறவருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?

ஒரு தொந்தரவும் இல்லாமல், ரிப்போர்ட்டில் கிருமி இருக்கிறது என்பதற்காக மட்டும் ஆன்டிபயாடிக் கேட்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள். கர்ப்பிணிகளுக்கும், சிறுநீர்ப் பாதையில் அறுவை சிகிச்சைக்குப் போகிறவர்களுக்கும் அது அவசியம். மற்றவர்களில் பெரும்பாலோருக்கு, முக்கியமாக வயதானவர்களுக்கு, தேவையே இல்லை.

வீட்டில் ஏற்கெனவே மிச்சம் இருக்கிறதா? தயவுசெய்து யாருக்கும் கொடுக்காதீர்கள். எடுத்துக்கொண்டு போய் மருந்தாளுநரிடம் காட்டுங்கள், எப்படி அப்புறப்படுத்துவது என்று சொல்வார். இப்போது மருந்து போட்டுக்கொண்டிருப்பவர்கள், இரண்டு நாள் ஆகியும் எரிச்சல் குறையவில்லை என்றால் மருத்துவருக்குப் போன் செய்யுங்கள். கல்ச்சர் ரிப்போர்ட் வந்ததும் அவரிடம் காட்டிவிடுங்கள். அவர் மாத்திரையை மாற்றினால் பழையதை அன்றைக்கே நிறுத்திவிடுங்கள்.