உங்கள் மாட்டுக்குப் போட்ட சினை ஊசி எந்தக் காளையுடையது? பொலிகாளைச் சட்டம், சேலம் மாட்டுக்காரர்களுக்காக

சினை ஊசிக்கு எடுக்கும் உறைவிந்துக் குச்சியைக் கையில் வாங்கிப் பார்த்தவர்கள் நம்மில் குறைவு. பேனா ரீஃபிலைவிட ஒல்லியாக இருக்கும். நீளம் ஒரு சாண்கூட வராது. உள்ளே இருப்பது கால் மில்லி விந்து. குச்சியின் மேல் பொடி எழுத்தில் ஒரு வரி அச்சிட்டிருப்பார்கள். எந்த நிலையத்தில் எடுத்தது, என்ன இனம், காளையின் எண் என்ன, எந்தத் தேதியில் உறைய வைத்தது என்பதெல்லாம் அந்த ஒரு வரியில் அடங்கும். அதைப் படிக்க நான் கற்றுக்கொண்டது எங்கள் வீட்டில் ஒரு கன்று செத்த பிறகுதான்.

ஓமலூர் பக்கம் எங்கள் தோட்டத்தில் நின்ற கிடாரி அது. ஜெர்சி கலப்பு, சின்ன உடம்பு. விடியற்காலையிலிருந்து கத்திக்கொண்டே இருந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை. யாரோ கொடுத்த நம்பருக்குப் போன் போட்டோம். வண்டியில் ஒருவர் வந்தார். குச்சிகள் வைத்திருந்த குடுவையைத் திறந்தார், ஊசி போட்டார், பணத்தை வாங்கிக்கொண்டார். "என்ன காளைங்க இது?" என்று கேட்டேன். "நல்லா பால் வர்ற காளைதாங்கக்கா, பயப்படாதீங்க" என்றார். குச்சியைக் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை. சினை நின்றது. ஒன்பது மாதம் கழித்து ராத்திரி பத்து மணிக்கு வலி எடுத்தது. விடியும்வரை கன்று வரவே இல்லை. காலையில் டாக்டர் வந்து, நாலு பேர் சேர்ந்து இழுத்துத்தான் எடுத்தோம். கறுப்பும் வெள்ளையுமாகப் பெரிய காளைக்கன்று. மூச்சு இல்லை. தாய் மூன்று நாள் எழுந்து நிற்கவில்லை. "தலை ஈத்துக்கு, இவ்வளவு சின்ன உடம்புக்கு, பெரிய ஃபிரீசியன் காளையோட ஊசியை யாரும்மா போட்டது?" என்று டாக்டர் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. ஒரு சீட்டுத் துண்டுகூட இல்லை.

அந்தக் கேள்விக்குப் பதில் இருந்தே ஆக வேண்டும் என்பதற்காகத்தான் பொலிகாளைச் சட்டம், அதாவது இனப்பெருக்கத்துக்கு விடும் காளைக்கான சட்டம், என்று ஒன்று இருக்கிறது. நம் ஊரில் பலருக்கு அப்படி ஒரு சட்டம் இருப்பதே தெரியாது.

காளைக்கு லைசென்ஸ் என்பது புதுக் கதை இல்லை. 1940-லேயே சென்னை மாகாணத்தில் கால்நடை அபிவிருத்திச் சட்டம் வந்துவிட்டது. குறிப்பிட்ட வயதைத் தாண்டிய காளையைக் காயடிக்காமல் வைத்திருக்க வேண்டுமானால் உரிமம் வேண்டும் என்பது அதன் சாரம். அன்றைக்கு ஊர்களில் ஊசி கிடையாது. ஊருக்கு ஒரு காளை, அந்தக் காளைக்கு ஊர் மாடெல்லாம் என்றுதான் இருந்தது. காளை சொத்தையானால் ஊர்க் கன்றெல்லாம் சொத்தை. ஆகவே காளையைப் பிடித்தால் போதும் என்று நினைத்தார்கள். இன்றைக்குக் காளை நம் கண்ணிலேயே படுவதில்லை. அது உதகையிலோ, தஞ்சாவூர் ஈச்சங்கோட்டையிலோ, ஓசூர் மத்திகிரிப் பண்ணையிலோ நிற்கும். வெள்ளைக்காரர் காலத்தில் படைக்குக் குதிரை தயார் செய்த இடம்தான் இந்த மத்திகிரி. அங்கே எடுக்கும் விந்து குச்சியில் அடைபட்டு, மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் மிதந்து, நம் ஊர் மாட்டாஸ்பத்திரிக்கு வந்து சேருகிறது. ஒரு காளையின் விந்து வருடத்துக்கு ஆயிரக்கணக்கான மாடுகளுக்குப் போகிறது. காளை நல்லதாக இருந்தால் ஒரு மாவட்டத்துக்கே நல்லது. அதற்கு நோய் இருந்தால் அந்த நோயும் அத்தனை தொழுவத்துக்கும் போகும்.

இதற்காக வந்ததுதான் 2019-ஆம் வருடத்துத் தமிழ்நாடு மாட்டினப் பெருக்கச் சட்டம். பசு, எருமை இரண்டுக்கும் பொருந்தும். பொலிகாளையைப் பயன்படுத்துவது, விந்து எடுப்பது, பதப்படுத்துவது, சேமிப்பது, விற்பது, விநியோகிப்பது, சினை ஊசி போடுவது என்று எல்லாமே இதன் கட்டுப்பாட்டில் வருகிறது. இதைக் கவனிக்கத் தனியாக ஒரு மாநில ஆணையம். உறைவிந்து நிலையம், அதைச் சேமித்து வைக்கும் வங்கி, ஊசி போடுகிறவர் என்று ஒவ்வொருவரும் பதிவு பெற்றிருக்க வேண்டும். குடுவையும் வண்டியும் இருந்தாலே யாரும் இந்தத் தொழிலில் இறங்கிவிடலாம் என்ற நிலையை மாற்றுவதுதான் இதன் நோக்கம்.

உறைவிந்து நிலையத்துக்கு மத்திய அரசின் விதிகளும் சேர்ந்துகொள்ளும். அங்கே சேர்க்கும் காளைக்குத் தாயின் பால் கணக்கு வேண்டும். காசநோய், புருசெல்லா போன்ற தொற்றுகளுக்குப் பரிசோதனை வேண்டும், அதையும் ஒருமுறையோடு விடாமல் திரும்பத் திரும்ப எடுக்க வேண்டும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மத்தியக் குழு வந்து நிலையத்தைப் பார்த்துத் தரம் போடும். குச்சியில் அந்த ஒரு வரியை அச்சிடுவதும் இதே விதியில்தான் வருகிறது. அதாவது அந்த எண்ணை வைத்துக்கொண்டு காளையின் தாய் எத்தனை லிட்டர் கறந்தது என்பதுவரை பின்னோக்கிப் போக முடியும். நாம் கேட்டால்தான் போக முடியும்.

அதனால் ஊசி போட ஆள் வந்தால், அது அரசு மருந்தகத்திலிருந்து வந்தாலும், கால்நடைக் கிளை நிலையத்து ஆய்வாளராக இருந்தாலும், பால் சங்கம் மூலம் வந்தவராக இருந்தாலும், தனியாராக இருந்தாலும், முதலில் குச்சியைக் காட்டச் சொல்லுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. குடுவையிலிருந்து எடுத்த குச்சியை 37 டிகிரி வெதுவெதுப்பான தண்ணீரில் அரை நிமிடம் போட்டு வைப்பார்கள். அதன் பிறகு ஈரம் போகத் துடைப்பார்கள், ஏனென்றால் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் விந்தணு செத்துப்போகும். துடைக்கிற அந்த நேரத்தில் எண்ணைப் பார்த்துவிடலாம். தண்ணீரில் போடாமல் கையில் தேய்த்தோ வாயால் ஊதியோ இளக்குகிறவரைக் கண்டால் நிறுத்துங்கள். ஊசி போட்ட பிறகு காலிக் குச்சியை வாங்கி வைத்துக்கொண்டாலும் சரி, போனில் படம் எடுத்துக்கொண்டாலும் சரி. மாட்டின் காதுவில்லையில் இருக்கும் 12 இலக்க எண்ணோடு சேர்த்து, இன்ன தேதியில் இன்ன காளை என்று அரசின் கணினிப் பதிவில் ஏற்றச் சொல்லுங்கள். காதுவில்லை இல்லாத மாடு என்றால் மருந்தகத்தில் சொல்லிப் போட்டுக்கொள்ளலாம்.

எந்த இனத்து ஊசி என்பதிலும் அரசுக்கு ஒரு கொள்கை இருக்கிறது. சமவெளியில் இனம் தெரியாத மாட்டுக்கு ஜெர்சி. குளிர்ச்சியான மலைப்பகுதிக்கு ஃபிரீசியன். எருமைக்கு முர்ரா. காங்கேயம், பர்கூர், ஆலம்பாடி போன்ற நாட்டினம் இருக்கும் இடத்தில் அதே இனத்துக் காளையைக் கொண்டே பெருக்க வேண்டும், கலக்கக் கூடாது. பசுவைப் பொறுத்தவரை நம் மாவட்டத்தில் மூன்றுக்கும் இடம் இருக்கிறது. ஏற்காட்டில் ஃபிரீசியன், ஓமலூர், தாரமங்கலம் சமவெளியில் ஜெர்சி, மேட்டூர், கொளத்தூர் மலையடிவாரத்தில் நாட்டினம். எங்கள் கிடாரிக்கு நடந்தது இந்தக் கொள்கைக்கு நேர் எதிர். பால் ஆசை காட்டினால் நாம் தலையாட்டிவிடுகிறோம். தலை ஈற்றுக் கிடாரிக்கு அதன் உடம்புக்கு ஏற்ற இனத்தைத்தான் போட வேண்டும். பால் கணக்கை அடுத்த ஈற்றில் பார்த்துக்கொள்ளலாம்.

மலைக்காரர்களின் கஷ்டம் வேறு. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு. அதையும் தாண்டி உள்ளே இருக்கும் ஊர்களுக்கு வண்டி போகவே அரை நாள் ஆகிவிடும். மாட்டின் பருவமோ யாருக்காகவும் காத்திருக்காது. காலையில் பருவம் தெரிந்தால் சாயங்காலம் ஊசி, சாயங்காலம் தெரிந்தால் மறுநாள் காலை ஊசி, இதுதான் கணக்கு. கத்துவதை மட்டும் நம்பக் கூடாது. கண்ணாடி மாதிரி வழும்பு தொங்குகிறதா, வேறு மாடு மேலே ஏறினால் நகராமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். எருமை பலநேரம் கத்தவே கத்தாது. ஊமைப் பருவம் என்பார்கள். நேரம் தவறினால் மறுபடி 21 நாள் காத்திருக்க வேண்டும், அத்தனை நாள் தீவனமும் வீண். ஆகவே மலையூர்களில் இன்னும் காளைக்கு விடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அந்த ஊர்களுக்குக் குடுவையோடு ஒரு ஆள் நேரத்துக்குப் போய்ச் சேர வழி செய்வதுதான் அரசின் பொறுப்பு.

காளை வைத்திருப்பவர்கள் இங்கேதான் கவனிக்க வேண்டும். இனப்பெருக்கத்துக்குப் பயன்படும் காளை இந்தச் சட்டத்தின் பார்வைக்குள் வருகிறது. சட்டம் வந்த சமயத்தில், நாட்டுக் காளைகளையெல்லாம் பிடித்துக் காயடித்துவிடுவார்களோ என்று கிராமங்களில் பெரிய பயம் இருந்தது. அந்தப் பயத்தில் நியாயம் உண்டு. கோயிலுக்கு விட்ட காளையும் உழவுக்கு வளர்த்த காளையும் ஊசிக் கணக்கில் அடங்காத சொத்து. ஆனால் பயந்து ஒளித்து வைப்பதைவிட, உங்கள் பகுதிக் கால்நடை மருத்துவரிடம் காளையைக் காட்டி, இன அடையாளத்தையும் வயதையும் பரிசோதனை முடிவையும் எழுதி வாங்குவது உங்களுக்கே நல்லது. 2021 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ஜல்லிக்கட்டில் நாட்டினக் காளைகளை மட்டுமே அனுமதிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. ஆத்தூர் பக்கம் கூலமேட்டு ஜல்லிக்கட்டு வாடியில் காளை இறக்க நினைப்பவருக்குத் தாய் தகப்பன் தெரிந்த காளை என்பதே பெரிய பலம்.

இன்னும் இரண்டு விஷயம் காளைக்காரர்களுக்கு. ஒரே காளையை ஒரே ஊரில் மூன்று வருடத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம். அதற்குள் அதன் மகள்கள் பருவத்துக்கு வந்துவிடும். மகளையே காளைக்கு விட்டால் கன்று சூம்பும். பக்கத்து ஊரோடு மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டாவது, கன்று வீசும், அதாவது குறைமாதத்தில் கரு கலையும், மாட்டைக் காளைக்கு விடாதீர்கள். ஆறு, ஏழு மாதத்தில் கன்று வீசுகிறது என்றால் புருசெல்லாவாக இருக்கலாம். அது மனிதருக்கும் தொற்றும். வீசிய கன்றையும் நஞ்சுக்கொடியையும் வெறும் கையால் தொடவே கூடாது. இந்த நோய்க்கு 4 முதல் 8 மாதக் கிடாரிக் கன்றுக்கு வாழ்நாளில் ஒரே ஒரு தடுப்பூசி, தேசியத் திட்டத்தில் இலவசமாகப் போடுகிறார்கள். காளைக்கன்றுக்குப் போடக் கூடாது. எட்டு மாதம் தாண்டிவிட்டால் வாய்ப்பு போய்விடும், அதனால் மருந்தகத்தில் முன்கூட்டியே பெயர் கொடுத்து வைக்கவும்.

பாலினம் பிரித்த ஊசி பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். பத்துக்கு ஒன்பது கிடாரிக் கன்று பிறக்கும் என்பது உண்மைதான். ஆனால் அந்தக் குச்சியில் விந்தணு எண்ணிக்கை குறைவு. திடமான கிடாரிக்கும், ஒழுங்காகப் பருவம் வரும் மாட்டுக்கும் போட்டால் பலன் தெரியும். இரண்டு மூன்று முறை ஊசி போட்டும் நிற்காத மாட்டுக்குப் போட்டால் காசு போனதுதான்.

ஆட்டுக்கும் குதிரைக்கும் இந்தச் சட்டம் கிடையாது. ஆடு வளர்ப்பவர்களுக்கு நம் மாவட்டத்திலேயே பொட்டனேரியில் மேச்சேரி செம்மறியாட்டு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கால்நடைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. கொம்பில்லாத, இளம் பழுப்பு நிற மேச்சேரிப் பொலிகிடா வேண்டுபவர்கள் அங்கே பதிந்து வைத்துக் காத்திருந்து வாங்குவது சந்தையில் வாங்குவதைவிட நல்லது. தேசிய கால்நடை இயக்கத்தில் ஆட்டுப் பண்ணைக்கு மானியம் கேட்பவர்களுக்கும் 100 பெட்டைக்கு 5 கிடா என்பதுதான் ஆரம்பக் கணக்கு. அதே இயக்கத்தில் 2024 பிப்ரவரி முதல் குதிரை, கழுதை, கோவேறு கழுதை, ஒட்டகம் ஆகியவற்றையும் சேர்த்திருக்கிறார்கள். முதலீட்டில் பாதி, அதிகபட்சம் 50 லட்சம் ரூபாய் மானியம். அந்தியூர்ச் சந்தையில் குதிரை பார்த்துவிட்டு வந்து இதைப் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மானியம் முன்பணமாகக் கைக்கு வராது. வங்கிக் கடன் உறுதியாகி, வேலை நடந்த பிறகு இரண்டு தவணையாக வரும். அதை நம்பி முதலிலேயே ஆண்குதிரை வாங்கிக் கட்டாதீர்கள்.

ஊசியில் ஏமாந்தவர்கள் முதலில் போக வேண்டிய இடம் பகுதிக் கால்நடை மருந்தகம். அங்கே நடக்கவில்லையென்றால் கோட்டத்து உதவி இயக்குநர், அதற்கும் மேலே சேலம் மண்டல இணை இயக்குநர். புகாரை எழுதியே கொடுங்கள். தேதி, நேரம், காதுவில்லை எண், குச்சியின் எண் நான்கும் இருந்தால் யாரும் தட்டிக்கழிக்க முடியாது. நான் போனபோது என்னிடம் தேதி மட்டும்தான் இருந்தது. அவசரத்துக்கு 1962-ஐ அழைக்கலாம், நடமாடும் கால்நடை ஊர்தி வரும்.

அந்தக் கிடாரி இப்போது மூன்றாவது ஈற்று. தொழுவத்துத் தூணில் தினசரிக் காலண்டர் தொங்குகிறது. ஊசி போட்ட நாளில் காளை எண்ணையும் இனத்தையும் எழுதி, காலிக் குச்சியை அந்தத் தாளோடு சேர்த்து நூலால் கட்டி வைக்கிறேன். அங்கிருந்து 21-ஆம் நாளில் ஒரு வட்டம், மூன்றாம் மாதம் சினைப் பரிசோதனைக்கு ஒரு வட்டம், 280-ஆம் நாளில் சிவப்பு மையில் ஒரு வட்டம். போன வாரம் பக்கத்துத் தோட்டத்து மாமா வந்து அந்தக் குச்சியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, "இதுல இவ்வளவு எழுதியிருக்குதா சாமி?" என்றார். அவர் மாட்டுக்கு நாளை ஊசி. எண்ணை எழுத ஒரு பேனாவும் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.