மாற்று இதயத்துக்குப் பயம் தாமதமாகத்தான் போய்ச் சேரும்

1,000-லிருந்து ஏழு ஏழாகக் கழித்துச் சொல்லுங்கள், சீக்கிரம் என்று ஒருவர் எதிரே உட்கார்ந்து விரட்டினால் என்ன ஆகும்? 993, 986... அடுத்த எண்ணுக்குள் நெஞ்சு படபடக்கும். மன அழுத்தத்தை அளக்க ஆராய்ச்சியாளர்கள் ரொம்ப காலமாகச் செய்யும் சோதனை இது. இதையே இதய மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவரிடம் செய்தால், அவருக்கும் பதற்றம் வரும், பிபி ஏறும், ஆனால் இதயம் மட்டும் கொஞ்ச நேரத்துக்கு யாருக்கோ வந்த பிரச்சினை போலப் பழைய வேகத்திலேயே துடிக்கும்.

1967 டிசம்பர் 3 அன்று கேப்டவுனில் கிறிஸ்டியன் பர்னார்ட் செய்த முதல் அறுவையிலிருந்து இன்றுவரை, இதயத்தை மாற்றும்போது மேலறைகளையும் ரத்தக் குழாய்களையும்தான் தைத்து இணைக்கிறார்கள். அறுந்த நரம்புகளை இணைப்பதில்லை. இதயத்துக்குச் சொந்தத் துடிப்பு உண்டு என்பதால் அது ஓடுகிறது, நிமிடத்துக்கு 100 வாக்கில். நம் உடம்பில் வேகஸ் நரம்பு பிரேக் மாதிரி அதைப் பிடித்து 70, 80-க்குக் கொண்டுவருகிறது. மாற்று இதயத்தில் அந்தப் பிரேக் இல்லை, அதனால் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே 90 முதல் 110 வரை துடிக்கும்.

அப்புறம் எப்படித்தான் பயம் அங்கே எட்டுகிறது? ரத்தத்தின் வழியாக. சிறுநீரகங்களின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி விடும் அட்ரினலின் ரத்தத்தில் கலந்து வந்து சேர்ந்த பிறகுதான் வேகம் கூடும், அது வடியும்வரை குறையாது. வீட்டில் வாக்குவாதம் முடிந்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்துவிட்டாலும் இவர் நெஞ்சு இன்னும் அடித்துக்கொண்டிருக்கலாம். காரணம் தெரியாதவருக்கு அதுவே புதுப் பயம். இதை நோயாளிக்கும் குடும்பத்துக்கும் முதலிலேயே விளக்கிச் சொல்லிவிட வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. பழைய அறுவை முறையில் நோயாளியின் சொந்த இதயத்தின் மேலறையில் ஒரு பகுதியை நரம்போடு விட்டுவைப்பார்கள். அந்தத் துண்டு தன்பாட்டுக்குத் துடிக்கும், ஈசிஜியில் இரண்டு தனித்தனி மேலறைத் துடிப்புகள்கூடத் தெரியும். பயம் வந்தால் பழைய துண்டு உடனே வேகமெடுக்கும், ஆனால் தையல் தழும்பைத் தாண்டி அந்த மின்துடிப்பு போகாது, புது இதயம் அசையாது.

உடம்பில் நிகழும் மாற்றத்தை உணர்வதுதான் உணர்ச்சி என்று 1884-லேயே அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் எழுதினார். அது முழுக்கச் சரியென்றால் இவர்களுக்குப் பயமே குறைந்திருக்க வேண்டும். ஆனால் கோபம், பயம், அழுகை எல்லாம் அவர்களுக்கும் வருகிறது, உடம்பு புது இதயத்தை நிராகரிக்கிறதா என்று பார்க்கும் பயாப்சி (திசுச் சோதனை) முடிவுக்குக் காத்திருக்கும் நாட்களில் கூடுதலாகவே வரும். தனக்கு உயிர் கொடுத்தவரின் சாவை நினைத்து வருந்துபவர்கள் உண்டு. புது இதயத்தை உடம்பு நிராகரிக்காமலிருக்கக் கொடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரையே தூக்கத்தையும் மனநிலையையும் குலைக்கக்கூடியது, அதைப் போய் மனபலவீனம் என்று சொல்வது அநியாயம்.

நரம்பில்லாத இதயத்தில் அடைப்பு வந்தாலும் பெரும்பாலும் நெஞ்சுவலி தெரியாது, அதனால்தான் வலி இல்லாதவரையும் அவ்வப்போது ஆஞ்சியோகிராமுக்குக் கூப்பிடுகிறார்கள். சிலருக்கு ஒரு வருடம் தாண்டி நரம்புகள் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப வளர்கின்றன. அவர்களில் சிலர் பல வருடம் கழித்து மறுபடி நெஞ்சுவலியை உணர்வதும் உண்டு. அப்படி வந்தால் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.