மைண்ட்ஃபுல்னஸ்: தமிழில் நினைவோடிருத்தல்

வேலைத்தள மன அழுத்தம் பற்றிப் பேசும் இடமெல்லாம் இன்று மைண்ட்ஃபுல்னஸ் என்ற சொல் வருகிறது. இந்தக் கணத்தில் நடப்பதை விழிப்போடு கவனித்திருப்பதே அது. தமிழில் இதை ‘மனநிறைவு’ என்று எழுதுவோர் உண்டு, அது பிழை. மனநிறைவு என்றால் திருப்தி. சம்பளம் போதாமல் தவிப்பவரிடம் திருப்தியாக இரு என்று சொன்னதாகிவிடும். ‘நினைவாற்றல்’ பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கு உரியது. ‘விழிப்புணர்வு’ ஓரளவு பொருந்தும், ஆனால் டெங்கு ஒழிப்புக்கும் அதே சொல்தான்.

மூலச்சொல் பழைய பௌத்த நூல்களின் மொழியான பாளியின் ‘சதி’, வடமொழியில் ‘ஸ்மிருதி’. நினைத்தல் என்பதே வேர்ப்பொருள், விழிப்போடு கவனித்திருத்தலும் சதியில் அடங்கும். தமிழில் சதி சூழ்ச்சியையும் ஸ்மிருதி அறநூலையும் குறிப்பதால் இரண்டையும் அப்படியே எடுக்க முடியாது. இலங்கையில் சிவில் சேவையில் இருந்த ரைஸ் டேவிட்ஸ், 1881இல் வெளிவந்த தம் பாளி மொழிபெயர்ப்பில் சதிக்கு மைண்ட்ஃபுல்னஸ் என்ற ஆங்கிலச் சொல்லை வைத்தார். 1979இல் ஜோன் கபட்-சின் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ நிலையத்தில் அதை நோயாளருக்கான பயிற்சியாக்கினார். அது எட்டு வாரப் பாடமாக வளர்ந்தது. வேலைத்தளத்துக்கு வந்தது அந்த வழியாகத்தான்.

சிங்களத்தில் ‘சிஹிய’ என்பார்கள். ஞாபகம், சுயவுணர்வு இரண்டும் அதில் அடங்கும். நம் பேச்சிலும் அப்படி ஒரு சொல் இருக்கிறது: நினைவு. ‘நினைவு தப்பிருச்சு’ என்றால் மயக்கம், ‘நினைவு வந்துச்சு’ என்றால் தெளிவு, ஞாபகமும் நினைவுதான். பாளியில் உள்ள அதே இரட்டைப் பொருள். ஆகவே ‘நினைவோடிருத்தல்’ என்பதே எங்கள் தேர்வு. திருக்குறளின் 54ஆம் அதிகாரத் தலைப்பான ‘பொச்சாவாமை’யும், அதாவது மறந்து சோராமையும், மிக நெருங்கியதுதான், ஆனால் இன்று அதற்கே தனியாக ஒரு விளக்கம் வேண்டும்.

செய்வது எப்படி? தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்க வரிசையில் நிற்கும் நேரம் போதும். கிலோ குறையுமோ, கங்காணி ஏசுவாரோ என்று மனம் ஓடுவது அப்போதுதான். கூடையை இறக்கி வைத்து, இரண்டு பாதங்களும் மண்ணில் அழுந்துவதைக் கவனியுங்கள். மூச்சு வெளியேறும்போது ஒன்று, அடுத்ததற்கு இரண்டு என்று பத்துவரை எண்ணுங்கள். நடுவில் எண்ணம் எங்கோ போயிருந்தால் ‘நினைப்பு போச்சு’ என்று மட்டும் குறித்துக்கொண்டு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குங்கள். மூன்று சுற்று வந்தால் ஏறக்குறைய இரண்டு நிமிடம்.

பலர் தவறுவது, மனத்தை வெறுமையாக்கப் பார்ப்பதில். எண்ணம் வரத்தான் செய்யும். போனதைக் கண்டு திரும்புவதே பயிற்சி. இன்னும் சிலர் மூச்சை வலிந்து ஆழமாகவும் வேகமாகவும் இழுப்பார்கள், அதனால் தலைசுற்றும். மூச்சு வழக்கம்போல நடக்கட்டும். மூச்சைக் கவனித்தாலே பதற்றம் கூடுகிறவர்கள் உள்ளங்கால்களைக் கவனிப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

நிறுவையில் கிலோ வெட்டுகிறார்கள் என்றால் அதற்கு இது மருந்தல்ல. அதைத் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவரிடம் சொல்லிக் கேட்க வேண்டும். மலையில் செய்யும்போது கண்ணை மூடவே கூடாது: சரிவும் வழுக்கும், பக்கத்தில் குளவிக்கூடும் இருக்கலாம்.