போளை பட்டதும் 500 எப்படி ஏறியது?

மட்டக்களப்பில் வாகன வயரிங் வேலை செய்யும் கடையொன்றில் கழித்துப் போட்ட ஹோர்ன் ரிலே ஒன்றைக் கேட்டு வாங்கி, மூடியைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே ஒரு கம்பிச்சுருள், அதன் தலைக்கு மேல் சின்ன இரும்புத் தகடு. சுருளில் மின்சாரம் பாய்ந்தால் அது காந்தமாகித் தகட்டை இழுக்கும். 'டிக்' என்று முனைகள் ஒட்டி வேறொரு சுற்று ஓடத் தொடங்கும். பின்பால் என்பது சாய்ந்த மேசையில் உருளும் போளையை அடித்து, இலக்குகளில் பட வைத்துப் புள்ளி சேர்க்கும் விளையாட்டு. சிகாகோவில் செய்த பின்பால் மெஷின்கள் 1970களின் பிற்பகுதி வரை இந்த ரிலே வித்தையை வைத்துத்தான் புள்ளிக் கணக்குப் பார்த்தன.

ஆடுபவர் பட்டனை அமத்தினால் போளையை அடிக்கும் கைகள் (ஃபிளிப்பர்) 1947இல் கொட்லீப் கம்பனியின் 'ஹம்ப்டி டம்ப்டி' மெஷினில் வந்து சேர்ந்தன. அந்தக் கைக்கு இரண்டு சுருள். அடிக்கும்போது தடித்த கம்பிச் சுருள் மட்டும் முழு வேகத்தில் இழுக்கும். கை உச்சிக்குப் போனதும் ஒரு சுவிட்ச் திறந்து மெல்லிய கம்பிச் சுருளையும் பாதையில் சேர்க்க, மின்னோட்டம் குறைந்துவிடும். இல்லாவிட்டால் பட்டனை அமத்திக்கொண்டு நிற்பவர் சுருளையே எரித்துவிடுவார். லொறி ஸ்டார்ட்டர் சொலனொய்டிலும் இழுக்க ஒன்று, பிடிக்க ஒன்று என்று இரண்டு சுருள் உண்டு.

சரி, புள்ளிக்கு வருவோம். போளை இலக்கில் படுவது கண நேரம்தான். 0 முதல் 9 வரை எண் காட்டும் புள்ளிச் சக்கரமோ ஒரு தட்டுக்கு ஒரு எண் மட்டுமே நகரும். பிறகு ஒரே அடியில் 500 புள்ளி எப்படி?

இலக்கில் பட்டவுடன் இழுபடும் ரிலே, தன்னுடைய முனை வழியாகவே தனக்கு மின்சாரம் எடுத்துக்கொள்ளும். போளை போன பிறகும் விடாது. மெஷினின் ஞாபகசக்தி இதுதான். என்னைக் கேட்டால், ஆகக் கெட்டித்தனமான இடமும் இதுதான். அது பிடித்தபடி நிற்க, உள்ளே ஒரு மோட்டார் சுழலும். அதன் அச்சில் பல்வெட்டிய தட்டுகள். அவை ஒரு சுவிட்சை ஐந்து தரம் தட்ட, நூறாம் இடத்துச் சக்கரம் ஐந்து எண் நகரும், மணியும் ஐந்து தரம் அடிக்கும். கடைசியில் இன்னொரு சுவிட்ச் திறந்து ரிலேயை விடுவிக்கும். சக்கரம் 9இல் நிற்கும்போது மட்டும் மூடியிருக்கும் சுவிட்ச் ஒன்றும் உண்டு. அடுத்த தட்டு அதன் வழியே பக்கத்துச் சக்கரத்துக்கும் போகும்: 9 பூச்சியமாக, ஆயிரம் ஒன்று கூடும்.

2022இல் நாங்கள் பட்ட மின்வெட்டு இந்தப் புள்ளியை அழிக்காது, சக்கரம் நின்ற இடமே கணக்கு. புது ஆட்டம் தொடங்கும்போதுதான் மோட்டார் எல்லாச் சக்கரங்களையும் தட்டித் தள்ளும். பூச்சியத்துக்கு வந்தது தன் சுவிட்சைத் திறந்து அங்கேயே நின்றுவிடும்.