கன்ஸிப்ரா: கருவூலம் காக்கும் குரு

மண்டேயர் சமயத்தில் மூத்த குருவுக்கு கன்ஸிப்ரா என்று பெயர். ஐரோப்பியர் எழுதிய நூல்கள் சிலவற்றில் இவரை 'பிஷப்' என்று குறித்திருப்பார்கள். அதைப் பார்த்து நாமும் 'ஆயர்' என்று எழுதிவிட்டால் சொல்லின் உயிரே போய்விடும். மண்டேயர் கிறிஸ்தவர்கள் அல்லர். தெற்கு ஈராக்கிலும் ஈரானின் குசிஸ்தானிலும் ஆற்றங்கரைகளில் வாழ்ந்துவந்த தொன்மையான சமயத்தார். திருமுழுக்கு யோவானைப் போற்றுகிறவர்கள், இயேசுவை ஏற்காதவர்கள். அவர்களுடைய மண்டேய மொழி அரமேயத்தின் ஒரு கிளை.

ஆனால் கன்ஸிப்ரா அரமேயச் சொல் அன்று. பழம் பாரசீகத்தின் 'கன்ஸபரா' அரமேயத்துக்குள் புகுந்து இந்த வடிவம் பெற்றது. 'கன்ஸ' என்றால் செல்வக் குவை. 'பரா' என்றால் தாங்குபவர். நாம் 'பாரம்' என்று சொல்கிறோமே, அந்த வடசொல்லும் இந்த 'பரா'வும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. பாரசீக அரசில் கன்ஸபரா என்பது கருவூல அதிகாரியின் பதவிப் பெயர். விவிலியத்தின் எஸ்றா நூலில் கோரேஸ் மன்னரின் ஆணைப்படி எருசலேம் ஆலயப் பாத்திரங்களை எண்ணிக் கொடுக்கிற மித்திரேதாத்தின் பதவியும் இதுவே. எபிரேய மூலத்தில் அது 'கிஸ்பார்' என்று நிற்கிறது. தமிழ் விவிலியம் அதைப் 'பொக்கிஷக்காரன்' என்று பெயர்த்திருப்பது மிகச் சரி.

பொக்கிஷக்காரன் எப்படிக் குருவானான்? மண்டேயரின் முதன்மையான திருநூலுக்குப் பெயர் 'கின்ஸா ரப்பா', அதாவது பெருங்கருவூலம். கின்ஸாவும் கன்ஸிப்ராவும் ஒரே வேரின் பிள்ளைகள். பொன்னைக் காத்தவனின் பட்டம் இங்கே திருநூலையும் சடங்கறிவையும் காப்பவரிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

அவருக்குக் கீழே நிற்பவர் 'தர்மிதா'. 'தல்மிதா' என்னும் அரமேயச் சொல்லின் திரிபு இது, பொருள், மாணவர். மேலே 'ரிஷ் அமா', மக்கள் தலைவர். மாணவர் கன்ஸிப்ரா ஆகும் வழிதான் என்னை உலுக்கியது. சமய ஒழுக்கம் தவறாத ஒருவர் மரணப் படுக்கையில் இருக்கும்போது, உயரவிருக்கும் தர்மிதா அவரிடம் ஒரு செய்தியை ஒப்படைக்கிறார். உயிர்களைத் தராசில் நிறுக்கும் அபாத்தூரிடம் அந்த ஆன்மா அதைக் கொண்டுசேர்க்க வேண்டும். இந்தச் செய்திக்கு 'எங்கிர்த்தா' என்று பெயர்; கடிதம் என்று பொருள். ஒருவருடைய பட்டமேற்பு இன்னொருவருடைய கடைசி மூச்சோடு பிணைந்திருக்கிறது.

ஞாயிறுதோறும் இவர்களை ஆற்றில் காணலாம். வெள்ளைப் பருத்தி உடை, கையில் ஒலிவமரக் கோல். ஓடும் நீரில்தான் முழுக்கு; தேங்கிய நீர் ஆகாது. மூன்று முறை முழுக்கி, உள்ளங்கை நீரை மூன்று முறை பருகத் தந்து, முழுகியவர் தலையில் குழிநாவல் (மிர்ட்டில்) கொத்தாலான சிறு வளையத்தைக் குரு சூட்டுகிறார்.

1831இல் பரவிய காலரா குருமார் அனைவரையும் வாரிக்கொண்டு போயிற்று. நூல் கற்றிருந்த யஹ்யா பிஹ்ராம், ராம் ஸிஹ்ருன் என்னும் குருப்பட்டம் பெறாத இருவர் குருத்துவத்தை மீண்டும் நிலைநாட்டினார்கள். அவர்கள் இல்லையென்றால் கன்ஸிப்ரா என்னும் பட்டம் அகராதியில் மட்டுமே எஞ்சியிருக்கும். 2003க்குப் பிறகு ஈராக்கிய மண்டேயரில் பெரும்பாலோர் நாடு பெயர்ந்துவிட்டார்கள். இன்று அந்த முழுக்கு ஆஸ்திரேலிய ஆறுகளிலும் நடக்கிறது.

தமிழில் என்ன சொல்வது? முதலில் மனத்தில் வருவது 'பண்டாரம்'. கோயில் கருவூலத்தைக் கல்வெட்டுகள் 'ஸ்ரீபண்டாரம்' என்கின்றன. சுவடிகள் காத்த இடம் 'சரஸ்வதி பண்டாரம்'. மடத்துத் தலைவர் 'பண்டார சந்நிதி'. செல்வம், நூல், குரு மூன்றும் ஒரே சொல்லில் கூடுவது வேறெங்கு வாய்க்கும்! ஆயினும் பேச்சு வழக்கு அந்தச் சொல்லைக் கீழிறக்கிவிட்டது; பரதேசி என்ற பொருளே இன்று முந்துகிறது. அது வடசொல்லும்கூட. வெறும் 'கருவூலர்' என்றால் ஓய்வூதியம் வழங்கும் அலுவலகம் நினைவுக்கு வரும். ஆகவே 'திருக்கருவூலத்தார்' என்று வழங்கலாம் என்பது என் துணிபு. முதல் முறை எழுதும்போது கன்ஸிப்ரா என்ற மூலப்பெயரையும் உடன் தருவது நல்லது. தர்மிதாவுக்குச் 'சீடர்' போதும். 'ரிஷ் அமா'வுக்கு 'குடித்தலைவர்'.